மயக்கமும் வலியும்: அறுவை மருத்துவத்தில் நோவு தணித்தல்

நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், நமக்கு மாமா முறையினர், சில ஆண்டுகளுக்கு முன் பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு உட்பட்டார். மேல்வயிற்றைத் திறந்து செய்யப்பட்ட சிகிச்சை அது. எல்லாம் நலமே முடிந்தது. மறுநாளே கண்விழித்துப் பேசவும் செய்தார். செவிலியர் வரும்போதெல்லாம், “வலி இருக்கிறதா ஐயா?” என்று கேட்பார். “அல்ஹம்துலில்லாஹ், ஒன்றுமில்லை, சபூர் செய்துகொள்கிறேன்” என்பதே மாமாவின் மாறாத விடை. ஆயினும், அவர் மூச்சை மேலோட்டமாக விடுவதையும், இருமல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடக்குவதையும், கட்டிலில் புரண்டு படுக்கவும் அஞ்சுவதையும் நாம் அருகிலிருந்து கண்டோம். தனிமையில் கேட்டபோது, “வந்த இடத்தில் வலி, வலி என்று புலம்பலாமா தம்பி? நம்மவர்களுக்கு அது அழகா?” என்றார். நான்காம் நாள் காய்ச்சல் கண்டது, மூச்சு வாங்கியது. வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கி நிமோனியா தொற்றியிருப்பதாக மருத்துவர்கள் கூறினர். ஆழ்ந்து மூச்சு விடாததும் இருமாததுமே காரணம் என்றும், வலியை முன்னரே சொல்லியிருந்தால் பெரும்பாலும் இதைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அவர்கள் விளக்கியபோது நாம் திகைத்துப்போனோம்.

வலியைப் பொறுத்துக்கொள்வது நற்பண்பு என்று கேட்டு வளர்ந்த நமக்கு, சொல்லாத வலியே ஒரு நோயாக மாறும் என்பது புதிய பாடமாக இருந்தது. அன்று எழுந்த கேள்விகளைத் தொடர்ந்து சென்றபோது, மயக்க மருந்தைப் பற்றியும் அறுவைக்குப் பிந்திய வலியைப் பற்றியும் நம்மிடையே உள்ள எண்ணங்கள் பல பிழையானவை என்பது தெளிவாயிற்று. அவற்றுள் தலையாயது, மயங்கிவிட்டால் வலியின் கதை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம். மயக்கம் வேறு; வலி நீக்கம் வேறு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை மருத்துவ உலகமே நெடுங்காலம் தடுமாறித்தான் கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றையும் அதன் பயனையும் இக்கட்டுரையில் காண்போம்.

முன்னோர் அறிந்த மரப்பு மருந்துகள்

அறுவை வலியைத் தணிக்க மனிதன் தொன்றுதொட்டே முயன்றிருக்கின்றான். அபின், அரபியில் பன்ஜ் எனப்படும் குரோசாணி ஓமம், மாந்திரீகக் கதைகளில் இடம்பெறும் மாண்ட்ரேக் வேர் ஆகியவை உணர்வை மழுங்கச் செய்யும் என்பதைக் கிரேக்க, அரபு மருத்துவர்கள் நன்கறிந்திருந்தனர். குர்துபாவின் அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936 - 1013) தமது முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியை முழுவதும் அறுவைக்கே ஒதுக்கி, கருவிகளின் படங்களையும் வரைந்து காட்டினார். அவருக்குச் சற்றுப் பின் வந்த இப்னு ஸீனா (980 - 1037) தமது ‘அல்கானூன்’ நூலில் வலியைப் பதினைந்து வகையாகப் பகுத்தார். குத்தும் வலி, அழுத்தும் வலி, துளைக்கும் வலி, மரத்த வலி என அவர் பிரித்த முறை, நோயாளியின் சொல்லைச் செவிமடுத்துக் கேட்ட ஒருவரால் மட்டுமே இயலக்கூடியது. வலியை மரக்கச் செய்யும் பொருள்களுள் அபினே வலிமை மிக்கது என்று குறித்த அவர், பனிக்கட்டியையும் குளிர்ந்த நீரையும் அவ்வரிசையில் சேர்த்தார். மரக்கச் செய்வதால் வலியின் காரணம் நீங்கிவிடாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

இம்மருந்துகள் இருந்தும் அறுவை ஏன் ஒரு பேரச்சமாகவே நீடித்தது? விடை அளவில் இருக்கின்றது. வாய்வழி உட்கொள்ளும் அபின் எவ்வளவு உடலில் சேரும், எப்போது சேரும் என்பதை எவராலும் கணிக்க இயலாது. ஒரே அளவு ஒருவரை அரைத்தூக்கத்தில் விட்டுவிடும். மற்றொருவரின் மூச்சையே நிறுத்திவிடும். உட்கொண்ட பின் அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. ஆகவே, வலியைக் கொல்லும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் இடையிலான அந்தக் குறுகிய வெளியில் நடக்க மருத்துவர்கள் தயங்கினர்.

ஈண்டு நம் வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். மதீனாவின் பெரும் அறிஞர் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் கலீஃபா வலீதைக் காண திமிஷ்கு சென்றிருந்தபோது அவர்களது காலில் அழுகல் நோய் கண்டது. காலை வெட்டுவதே வழி என்றனர் மருத்துவர்கள். உணர்வை மழுக்கும் பானம் ஒன்றை அருந்துமாறு வேண்டியபோது, அறிவு மயங்குவதை விரும்பாத அவர்கள் அதை மறுத்து, விழிப்புடனேயே அந்த வேதனையைத் தாங்கினார்கள் என்பது செய்தி. இதை நாம் சொற்பொழிவுகளில் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆனால் இதில் மற்றொரு செய்தியும் அடங்கியிருப்பதை நாம் கவனிப்பதில்லை. அறுவைக்கு முன் மயக்கும் பானம் தருவது ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே மருத்துவர்களிடம் வழக்கமாக இருந்தது என்பதும், மறுத்தது அப்பெரியாரின் சொந்தத் தேர்வு என்பதுமே அது.

அத்தேர்வு பிறருக்குச் சட்டமாகவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அழுகிய கையைத் துண்டிப்பதற்காக அறிவை நீக்கும் பொருளை உட்கொள்ளத் தேவை ஏற்பட்டால் கூடுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, இரு கருத்துகளைச் சுட்டி, கூடும் என்பதையே மிகச் சரியானதாகக் கொள்கின்றார்கள். அவர்கள் மறைந்தது கி.பி. 1277 இல். மயக்க மருந்தைக் குறித்து நம்முள் சிலருக்கு இன்றும் உள்ள தயக்கத்துக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை தரப்பட்டிருக்கின்றது.

ஈதரிலிருந்து ஐதராபாத் வரை

1846 அக்டோபர் 16 ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், ஈதர் ஆவியை நோயாளி ஒருவரை முகரச் செய்தார். ஜான் காலின்ஸ் வாரன் என்ற அறுவை மருத்துவர் அந்நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். அலறல் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் கிராஃபோர்டு லாங் என்ற மருத்துவர் 1842 இலேயே ஈதரைப் பயன்படுத்தியிருந்தார்; எனினும் 1849 வரை அவர் அதை வெளியிடவில்லை. எனவே உலகம் பாஸ்டனையே தொடக்கமாகக் கொண்டது. அடுத்த ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோஃபார்மை அறிமுகம் செய்தார்.

ஈதரின் வெற்றி அதன் வீரியத்தால் மட்டும் வந்ததன்று. அது மூச்சின் வழியே உட்செல்கின்றது; மூச்சின் வழியே வெளியேறுகின்றது. மயக்கம் குறைந்தால் இன்னும் சிறிது முகரச் செய்யலாம், மிகுந்தால் நிறுத்திவிடலாம். அபினால் இயலாத அந்தக் கட்டுப்பாடு ஆவி மருந்தால் கைகூடிற்று.

ஆனால் ஆபத்து நீங்கவில்லை. 1848 சனவரியில் இங்கிலாந்தில் கால் விரல் நகம் அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் தரப்பட்ட 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் மரணமடைந்தாள். மூச்சு நின்றதால் இறந்தாளா, இதயம் நின்றதால் இறந்தாளா? இக்கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவர்களைப் பிளவுபடுத்திற்று. அதற்கு விடை காணும் பெருமுயற்சி ஒன்று நம் நாட்டிலேயே, ஐதராபாத்தில் நடந்தது என்பது நம்மில் பலர் அறியாதது.

ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் முதல்வராக இருந்த எட்வர்டு லாரி, மூச்சைக் கவனித்துக்கொண்டால் போதும், குளோரோஃபார்ம் இதயத்தை நேரே தாக்காது என்று உறுதியாக நம்பினார். ஆறாம் நிஜாம் மீர் மஹ்பூப் அலீ கான் ஆதரவில் 1888 இல் முதல் ஆய்வுக்குழு அமைந்தது. அதன் முடிவை லண்டனின் ‘லான்செட்’ இதழ் ஐயுற்றபோது, நிஜாம் 1000 பவுன் அளித்து, அவ்விதழே தேர்ந்தெடுக்கும் வல்லுநர் ஒருவரை ஐதராபாத்துக்கு வரவழைக்கச் செய்தார். வந்தவர் லாடர் பிரன்டன். 1889 இல் கூடிய அவ்விரண்டாம் குழு நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை நடத்தி, மூச்சே முதலில் நிற்கின்றது என்று லாரியின் கருத்தையே உறுதி செய்தது. இச்சோதனைகளில் பங்கேற்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணி, உலகின் முதற் பெண் மயக்க மருத்துவர்களுள் ஒருவராக இன்று மதிக்கப்படுகின்றார்.

அக்குழுவின் முடிவு பாதி மட்டுமே சரியாயிற்று. குளோரோஃபார்ம் சில வேளைகளில் இதயத் துடிப்பையே சீர்குலைத்து நிறுத்திவிடும் என்பதை 1911 இல் குட்மன் லெவி நிறுவினார். ஆயினும், மயங்கியிருப்பவரின் மூச்சை இமைப்பொழுதும் கண்காணிக்க வேண்டும் என்று ஐதராபாத் வற்புறுத்தியது வீண்போகவில்லை. கொரோனா காலத்தில் வீடுதோறும் அறிமுகமான, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கருவி அந்தக் கண்காணிப்பின் வழிவந்ததே. அதன் அடிப்படையை 1974 இல் ஜப்பானியரான டக்குவோ அவோயாகி கண்டறிந்தார். அறுவைக் கூடத்தில் அக்கருவி பரவிய பின்னரே, உதடு நீலம் பாரிப்பதற்கு முன்பாகவே ஆக்சிஜன் குறைவை அறிய முடிந்தது.

மயக்கம் என்பது ஒன்றன்று

இன்று ‘மயக்க மருந்து’ என்று நாம் ஒரு சொல்லால் குறிப்பது உண்மையில் பல மருந்துகளின் கூட்டு. உறக்கம், வலி நீக்கம், தசைத் தளர்ச்சி, நினைவு பதியாமை என்ற நான்கு பணிகள் அதில் அடங்கியுள்ளன. ஒரு மருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டுமானால் அதை மிக அதிகமாகக் கொடுக்க நேரும்; ஈதர், குளோரோஃபார்ம் காலத்து ஆபத்து அதுவே. பணிகளைப் பிரித்துத் தனித்தனி மருந்துகளிடம் ஒப்படைத்ததே கடந்த நூற்றாண்டின் சாதனை.

உறங்கச் செய்ய இன்று பெரிதும் பயன்படுவது புரோபோஃபால். சோயா எண்ணெயிலும் முட்டையின் கொழுப்புப் பொருளிலும் கலக்கப்படுவதால் பால் போன்ற வெண்ணிறத்தில் இருக்கும். நரம்பு வழியே செலுத்திய ஒரு நிமிடத்துக்குள் உறக்கம் வந்துவிடும். மூளையின் செயலைத் தணிக்கும் இயற்கையான சமிக்ஞைகளை இது வலுப்படுத்துகின்றது. தொடர்ந்து உறக்கத்தை நீட்டிக்க ஐசோஃபுளூரேன், செவோஃபுளூரேன் போன்ற ஆவி மருந்துகள் உதவுகின்றன. ஆனால் புரோபோஃபால் வலிநிவாரணி அன்று. உறங்குபவர் வலியை அறியமாட்டார். எனினும் அறுபட்ட இடத்திலிருந்து வலிச் செய்தி தண்டுவடம் வழியே மூளையை நோக்கிச் சென்றுகொண்டேதான் இருக்கும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்து அதை வெளிப்படுத்தும். அச்செய்தியைத் தடுக்கவே ஃபென்டனில் போன்ற அபின் வகை மருந்துகள் உடன் தரப்படுகின்றன. மார்ஃபினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில், மைக்ரோகிராம் கணக்கில் அளந்து கொடுக்கப்படுகின்றது.

மூன்றாவது வகை தசையைத் தளர்த்தும் மருந்துகள். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய கியூராரே நஞ்சை 1942 இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹரால்டு கிரிஃபித் அறுவைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். வயிற்றுத் தசைகள் தளர்ந்து அறுவை எளிதாயிற்று. ஆடாமல் அசையாமல் கிடந்த நோயாளியைக் கண்டு, இம்மருந்து வலியையும் நீக்குகின்றது போலும் என்று சிலர் கருதத் தொடங்கினர். இந்த ஐயத்தைத் தீர்க்க 1947 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மயக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். கண்ணிமையைக்கூட அசைக்க இயலாத அளவுக்கு அம்மருந்தைச் செலுத்தச் செய்து, பிறர் தமக்குச் செயற்கை மூச்சு அளிக்க, விழிப்புடன் படுத்திருந்தார். மருந்தின் தாக்கம் நீங்கிய பின், நடந்தவை அனைத்தையும் அவரால் கூற முடிந்தது. தமக்குத் தரப்பட்ட வலியையும் அவர் முழுமையாக உணர்ந்திருந்தார். அசைவின்மை அமைதியாகாது என்பதை அவரது உடலே சாட்சியாகி நிறுவிற்று.

தசை தளர்ந்திருக்க, உறக்கம் மட்டும் கலைந்துவிட்டால் என்னாகும் என்ற அச்சம் இயல்பானது. 2014 இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரும் ஆய்வொன்றில், பொது மயக்கம் பெற்றவர்களுள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர் இடையில் விழிப்பு வந்ததாகத் தெரிவித்திருந்தனர். மிக அரிதெனினும் நிகழக்கூடியது. மயக்க மருத்துவர் அறுவை முடியும் வரை நோயாளியின் தலைமாட்டை விட்டு அகலாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதுகில் போடும் ஊசி

முழு மயக்கமின்றி உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் முறை 1884 இல் வியன்னாவில் தொடங்கிற்று. கார்ல் கோல்லர் என்ற இளம் மருத்துவர் கோகெயின் சொட்டுகளால் கண்ணை மரக்கச் செய்யலாம் என்று கண்டார். 1898 இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர், தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீரில் கோகெயினைச் செலுத்தி இடுப்புக்குக் கீழே உணர்வை அகற்றினார். அதைத் தம் உடலிலும் சோதித்த அவர், பின்னர் பல நாள் கடும் தலைவலியால் துன்புற்றார். ஊசி துளைத்த இடத்தின் வழியே தண்டுவட நீர் கசிவதால் வரும் அத்தலைவலி, மெல்லிய ஊசிகள் வந்த பின் பெருமளவு குறைந்துவிட்டது. அடிமையாக்கும் கோகெயினின் இடத்தை லிக்னோகெயின், புபிவகெயின் போன்ற மருந்துகள் பிடித்துக்கொண்டன. இவை நரம்பின் வழியே மின்செய்தி கடந்து செல்வதைத் தற்காலிகமாகத் தடுக்கின்றன.

நம் வீடுகளில் சிசேரியன் ஆன பெண்கள் பலர், “முதுகில் போட்ட ஊசியால்தான் இன்றுவரை முதுகு வலிக்கிறது” என்று சொல்லக் கேட்கின்றோம். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கக்கூடும். ஆனால் நாட்பட்ட முதுகுவலிக்கு இவ்வகை ஊசி காரணமன்று என்பதே பிரசவ வலிக்காக முதுகில் ஊசி பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளின் முடிவு. கருவுற்ற காலத்தில் முதுகெலும்பு தாங்கும் சுமை, தளர்ந்த வயிற்றுத் தசைகள், குனிந்து பாலூட்டல், ஓய்வின்மை ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஊசி மீது பழிபோடுவதால் அப்பெண்ணுக்குத் தேவையான உடற்பயிற்சியும் ஓய்வும் கிடைக்காமல் போகின்றன. அச்சத்தால் இம்முறையை மறுத்து, தேவையின்றி முழு மயக்கத்தின் ஆபத்தை ஏற்கும் நிலையும் சில வேளை நேர்கின்றது.

அறுவைக்குப் பின்னர்

மயக்கம் தெளிந்த பின்னரே நம் மாமாவின் துன்பம் தொடங்கிற்று என்பதை மேலே கண்டோம். அறுவைக்குப் பிந்திய வலி வெறும் உணர்வன்று. அது உடல் முழுவதையும் தாக்கும் ஒரு நிகழ்வு. மேல்வயிற்றிலோ மார்பிலோ காயம் இருப்பின் நோயாளி ஆழ்ந்து மூச்சு விடமாட்டார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கும். படுத்தே கிடந்தால் கால் இரத்தக் குழாய்களில் உறைகட்டி தோன்றலாம். வலியால் சுரக்கும் அழுத்த ஹார்மோன்கள் நாடித்துடிப்பையும் இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தி, இதய நோயும் நீரிழிவும் உடையோரை இடருக்குள்ளாக்கும். தொடக்கத்தில் கடும் வலியைத் தாங்கியவர்களிடம், காயம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் வலி நீடிப்பது மிகுதியாகக் காணப்படுகின்றது.

எனவே இன்றைய முறை, ஒரே மருந்தை மிகுதியாகத் தராமல் பல மருந்துகளைச் சிறுசிறு அளவில் இணைத்துத் தருவதாகும். பாராசிட்டமால் அதன் அடித்தளம். வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் கூடாது. அதனுடன் டைக்லோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற அழற்சி நீக்கிகள் சேரும். சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப் புண்ணும் உடையோர் இவற்றைத் தவிர்க்க வேண்டும். காயத்தைச் சுற்றிய நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியும் உதவும். இவை போதாதபோதே மார்ஃபின் வகைகள். வலி முற்றிய பின் கொடுப்பதைவிட, குறித்த நேரத்தில் முன்னதாகவே கொடுப்பதே சிறந்தது. எரியத் தொடங்கிய தீயை அணைக்க அதிக நீர் வேண்டுமல்லவா?

மார்ஃபின் என்றதும் நம் குடும்பங்கள் அஞ்சுகின்றன: ‘பழகிவிட்டால்?’ இந்த அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் அபின் வகை மாத்திரைகள் வரைமுறையின்றி எழுதித் தரப்பட்டதன் விளைவாக லட்சக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஆனால் மருத்துவமனையில் கண்காணிப்புடன் சில நாள் மட்டும் தரப்படும் மார்ஃபினால் அடிமையாவது அரிது. வாந்தி, மலச்சிக்கல், அரிப்பு, மிகுந்த தூக்கம் ஆகியவையே வழக்கமான பின்விளைவுகள். மூச்சு மந்தமானால் அதை மீட்க நலோக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. மறுபக்கத்தில், சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடுகளுள் ஒன்றாகவும், காஸிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபின் ஆலைகள் கொண்டதாகவும் இருந்த நம் நாட்டிலேயே, 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் புற்றுநோயாளிகள்கூட மார்ஃபின் கிடைக்காமல் துடித்தனர். 2014 இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. மிகையும் தீங்கு, மறுப்பும் தீங்கு, நடுநிலையே மருந்து.

வலியைச் சொல்ல இயலாதவரை மறந்துவிடுவது எவ்வளவு எளிது என்பதற்குப் பச்சிளங் குழந்தைகளின் வரலாறே சான்று. பிறந்த குழந்தைக்கு நரம்புகள் முதிராததால் வலி தெரியாது என்று கருதி, 1980கள் வரை மேலை நாடுகளிலேயே குறைப்பிரசவக் குழந்தைகள் பலருக்கு, தசை தளர்த்தும் மருந்தும் சிறிது நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் மட்டும் தந்து அறுவை செய்தனர். ஸ்காட் ஸ்மித் தாமாக ஏற்ற வேதனையை அக்குழந்தைகள் கேட்பாரின்றி ஏற்றன. ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய இந்தியரான கன்வல்ஜீத் சிங் ஆனந்தும் அவர்தம் குழுவினரும் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், ஃபென்டனில் சேர்த்துத் தரப்பட்ட குழந்தைகளின் உடல் அழுத்த விளைவுகள் வெகுவாகக் குறைந்து, அவை நலமாகத் தேறியதையும் காட்டினர். அதன் பின்னரே உலகின் வழக்கம் மாறத் தொடங்கிற்று. குழந்தை சொல்ல இயலாமல் துன்புற்றது. சொல்லக்கூடிய நாமோ சொல்லாமல் துன்புறுகின்றோம்.

சபூர் என்பது மறைத்தலா?

சபூர் எனும் பொறுமை வலியை மறைப்பதையா குறிக்கின்றது? அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தை இறைவனிடம் வெளிப்படையாக முறையிட்டார்கள். ஆயினும் திருக்குர்ஆன் அவர்களைப் பொறுமையாளர் என்றே புகழ்கின்றது. உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள் தம் உடலிலிருந்த வலியைப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் எடுத்துரைத்தபோது, வலிக்கும் இடத்தில் கைவைத்து ஓதுமாறு கற்றுத்தரப்பட்டதேயன்றி, ஏன் சொன்னீர் என்று கடிந்துகொள்ளப்படவில்லை. நோயை மருத்துவரிடம் கூறுவது முறையீடன்று, சிகிச்சையின் முதற்படி. உர்வா (ரஹ்) அவர்கள் வேறு வழியற்ற வேதனையை உறுதியுடன் ஏற்றார்கள். தவிர்க்கத்தக்க வலியை மறைத்து நோயை வளர்த்துக்கொள்வதை அதனுடன் ஒப்பிடலாகாது.

அறுவைக்கு முன்னரும் இதே வாய்மை வேண்டும். திட உணவையும் பால் கலந்த தேநீரையும் 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும் என்பது வளர்ந்தோர்க்கான பொது விதி; மருத்துவர் வேறு கூறினால் அதுவே முடிவு. மயக்கத்தில் இரைப்பையிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே இடர். “ஒரு வாய் டீதானே” என்று மறைப்பது அதனால்தான் பெரும் தவறு. ஆஸ்துமா, நீரிழிவு, உட்கொள்ளும் மாத்திரைகள், நாட்டு மருந்துகள், புகைப்பழக்கம், ஆடும் பல், குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லை ஆகிய எதையும் மயக்க மருத்துவரிடம் ஒளிக்கலாகாது. அவர் கேட்காவிடினும் நாமே சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு நம் மாமாவுக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. இம்முறை முதுகில் ஊசி. மாலையில் இடுப்பின் மரப்பு நீங்கியதும் செவிலியர் வந்து, பூச்சியம் முதல் பத்துக்குள் வலி எவ்வளவு என்று வினவினார். மாமா நம்மை ஒருமுறை பார்த்தார். சற்றே கூச்சத்துடன், “ஏழு இருக்கும் அம்மா” என்றார். மருந்து செலுத்தப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குப் பின் நம் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்து, தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்து திரும்பினார். அந்த நடையிலும் வலி இருந்தது. அதை அவர் பொறுத்துக்கொண்டார். சபூர் என்ற சொல் அந்த நடைக்கே பொருந்துவதாக நமக்குத் தோன்றிற்று.